களத்திலிருந்து சந்தை வரையில்: பாரவண்டிகளின் பத்திரமான போக்குவரத்து

தை பிறந்ததும் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் களத்துக்கும் சாலைக்கும் ஒருங்கே வேலை மிகுந்துவிடுகிறது. கரிசல் காடுகளில் மானாவாரி மக்காச்சோளம் ஒடிக்கப்படுகிறது. பருத்தி வெடித்து எடுப்புக்கு வருகிறது. கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர்ப் பக்கத்தில் சம்பா அறுவடை நடைபெறுகிறது. வெட்டிய கரும்பு வாடுமுன் ஆலைக்குச் சேர வேண்டியதாகிறது. செட்டிகுளம் முதலிய ஊர்களின் சின்ன வெங்காயம் தூரத்துச் சந்தைகளை நாடிச் செல்கிறது. இவை செல்லும் சாலைகளிலேயே சுண்ணாம்புக்கல் சுமக்கும் டிப்பர் லாரிகளும், சிமெண்டு ஏற்றிய நீண்ட லாரிகளும் இரவு பகலாய் ஓடுகின்றன. பாடாலூர், சிறுவாச்சூர், பெரம்பலூர், திருமாந்துறை வழியே செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் விரைவு வண்டிகளுக்கும் குறைவில்லை. மெதுவாய்ச் செல்லும் கரும்பு டிராக்டரும், வேகமாய் வரும் லாரியும், பள்ளிக்குச் செல்லும் சைக்கிளும் ஒரே வழியில் சந்திக்கும் இடங்கள் இவ்விரண்டு ஜில்லாக்களிலும் அநேகம்.

2022 ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் 4,61,312 சாலை விபத்துக்கள் நேர்ந்து 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் முதலிடம் நமது ராஜ்யத்துக்கே உரியதாயிற்று. தமிழ்நாட்டில் நேர்ந்தவை 64,105; இறந்தோர் 17,884 பேர். அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 உயிர்கள்.

விபத்து நேர்ந்ததும் வண்டியோட்டியைக் குறை கூறுவது உலக வழக்கம். அவருடைய பொறுப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும், பாரவண்டி எவ்வளவு சுமந்து, எப்படி ஏற்றப்பட்டு, எந்த நேரத்தில் புறப்படுகிறது என்பதைக் களத்தில் நின்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் சரக்கின் சொந்தக்காரரேயாவார். ஆகையால் வண்டியோட்டி அறிய வேண்டிய விதிகளை வண்டியை அமர்த்தும் விவசாயியும் அறிந்திருத்தல் அவசியம். அவ்விதிகளும் அவற்றின் காரணங்களும் இங்கே விவரிக்கப்படுகின்றன.

சட்டமும் லைசென்சும்

இந்தியாவில் மோட்டார் வண்டிகளுக்கான சட்டம் முதன்முதலில் 1914 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பின்னர் 1939 இல் விரிவான வேறொரு சட்டம் வந்தது. இப்பொழுது அமலில் இருப்பது 1988 ஆம் ஆண்டுச் சட்டமாகும். 2019 இல் அது திருத்தப்பட்டு, அபராதங்கள் பெரிதும் உயர்த்தப்பட்டன.

வண்டியை அமர்த்துமுன் டிரைவரின் லைசென்சைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக மோட்டார் வண்டிக்குரிய லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட லாரிகளுக்குக் கனரக லைசென்ஸ் தேவை. லைசென்சோடு, வண்டியின் தகுதிச் சான்றும் இன்ஷூரன்சும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், விபத்துக் காலத்தில் நஷ்டஈட்டு வழக்கு வருஷக்கணக்கில் இழுபடும்.

பாரத்தின் அளவு

அளவு மீறிய பாரத்தால் அச்சு முறியும் என்பதை மாட்டு வண்டிக் காலத்திலேயே நாம் அறிவோம். மோட்டார் லாரியில் அச்சு முறிவதற்கு முன்பே வேறு தீங்குகள் நேர்கின்றன. டயர் சூடேறி வெடிக்கிறது. பிரேக்கு பிடித்தும் வண்டி நிற்பதில்லை. வளைவில் பாரம் ஒருபுறம் சாய்ந்து வண்டியைக் கவிழ்க்கிறது.

இரண்டு அச்சுள்ள சாதாரண ஆறு சக்கர லாரிக்கு, வண்டியும் சரக்கும் சேர்ந்து 18,500 கிலோவும், மூன்று அச்சுள்ள பத்துச் சக்கர லாரிக்கு 28,500 கிலோவும் உச்ச அளவுகள் என்று 2018 இல் வகுக்கப்பட்டது. ஆயினும் அந்தந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் எழுதப்பட்டுள்ள எடையே கணக்காகும்.

ஓர் உதாரணம் கூறுவோம். 18,500 கிலோ அனுமதியுள்ள லாரி வெறுமையாய் நிற்கும்பொழுது 6,500 கிலோ இருக்குமானால், அதில் 12,000 கிலோ மக்காச்சோளம் ஏற்றலாம். மூட்டை 100 கிலோ வீதம் 120 மூட்டைகள் ஆயின. "இன்னும் முப்பது மூட்டைதானே, இன்னொரு நடை வாடகை மிச்சமாகுமே" என்று ஏற்றினால் 3 டன் அதிகப்படுகிறது. அதிகப்பாரத்துக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் ரூ. 20,000, அதன்மேல், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000. ஆக ரூ. 26,000 செலுத்துவதோடு, மிகுந்த சரக்கை இறக்கும் செலவையும் ஏற்க வேண்டும். முப்பது மூட்டைக்கு மிச்சமான வாடகை இதற்கு ஈடாகுமா என்பதை விவசாயிகளே கணக்கிட்டுப் பார்க்கலாம். அன்றியும், இக்குற்றம் ஓட்டியவரை மட்டும் சேர்ந்ததன்று; ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சட்டம் பேசுகிறது. பக்கங்களிலோ, முன்னும் பின்னுமோ, உயரத்திலோ அளவுக்கு மீறிப் பாரம் நீட்டிக்கொண்டிருப்பினும் ரூ. 20,000 அபராதம் உண்டு.

ஈரச் சரக்கு கண்ணை ஏமாற்றும். நூற்றுக்கு 22 பங்கு ஈரமுள்ள 100 கிலோ மக்காச்சோளம், 12 பங்கு ஈரத்துக்கு உலர்ந்தால் சுமார் 89 கிலோவாகக் குறைந்துவிடும். ஈரத்தோடு ஏற்றுபவர் தண்ணீருக்கும் வாடகை கொடுத்து, அதே எண்ணிக்கை மூட்டைகளில் அதிக எடையையும் சுமத்துகிறார். மூட்டை எண்ணிக்கையை நம்பாமல் எடைமேடைச் சீட்டை நம்புவதே நலம்.

ஏற்றும் முறை

வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்த்து ஏற்றிய வழக்கத்தை லாரியிலும் டிரெயிலரிலும் கைவிடலாகாது. கனமான மூட்டைகள் அடியிலும், இலேசானவை மேலும் இருக்க வேண்டும். இடைவெளியின்றி அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்ட வேண்டும். இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டர் சென்றதும் நிறுத்திக் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டுவது அநுபவமுள்ள டிரைவர்களின் வழக்கம். வண்டி குலுங்கும்பொழுது மூட்டைகள் அமர்ந்து, முதலில் கட்டிய கட்டு தளர்ந்துபோகுமாதலால் இவ்வழக்கம் அவசியமானது.

வைக்கோல் பாரத்துக்கு அபாயம் மேலே இருக்கிறது. தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசித் தீப்பற்றி, லாரி முழுவதும் எரிந்துபோன செய்திகள் ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் வருகின்றன. வழியில் கம்பி எங்கே தாழ்ந்திருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்துப் பாரத்தின் உயரத்தை அமைக்க வேண்டும். கிராவலோ கல்லோ கொட்டும் டிப்பர், தொட்டியைத் தூக்கியவாறே ஓரடியும் நகரலாகாது.

பூச்சிமருந்தையும் தானியத்தையும் ஒரே வண்டியில் கலந்து ஏற்றலாகாது. 1958 ஆம் ஆண்டில் பாரத்தியான் என்னும் மருந்து உணவுச் சரக்கில் கலந்ததனால் கேரளத்தில் நூறு பேருக்கு மேல் மாண்டனர். பின்னர் 1968 இல் பூச்சிமருந்துச் சட்டம் ஏற்பட்டதற்கு இத்துயரமும் ஒரு காரணமாகும். மருந்து கொண்டுவந்த லாரியில் திரும்பு பாரமாகத் தானியம் ஏற்றுவதாயின், தளத்தை நன்கு கழுவிக் காயவிட்ட பின்னரே ஏற்ற வேண்டும்.

டிராக்டரும் டிரெயிலரும்

டிராக்டர் உழவுக்கென்று அமைந்த யந்திரம். அதில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக்கு மிதிகள் உண்டு. வயலில் முனை திரும்புகையில் ஒன்றை மட்டும் மிதிப்பது வசதி. சாலையிலோ அதுவே எமனாகும். ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி சுழன்று கவிழ்ந்துவிடும். ஆதலால் சாலைக்கு ஏறுமுன் இரு மிதிகளையும் அவற்றுக்குரிய கொண்டியால் பூட்டிவிட வேண்டும். இந்தச் சிறு வேலைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பிரேக்கு இல்லாத டிரெயிலர்கள் நம் பக்கத்தில் மிகுதி. அத்தகைய டிரெயிலரில் பாரம் ஏற்றி இறக்கத்தில் வருகையில், டிராக்டர் நிற்க முயன்றாலும் பின்னாலுள்ள பாரம் அதைத் தள்ளிக்கொண்டே வரும். இறக்கம் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் கிளச்சை மிதிப்பதும், கியரை எடுத்துவிட்டு ஓட்டுவதும் கூடாது. டிரெயிலரில் பின்பாரம் மிகுந்தால் இணைப்புக் கொக்கி மேல்நோக்கித் தூக்கப்பட்டு, டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். முன்பாரம் மிகுந்தால் கொக்கி கீழே அழுத்தப்பட்டு, டிராக்டரின் முன்சக்கரங்கள் எழும்பி, ஸ்டீரிங் பயனற்றதாகும். இணைப்பு ஆணி நழுவாதபடி குறுக்கே செருகும் சிற்றூசி தேய்ந்திருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

எறையூர் போன்ற ஆலைகளுக்குக் கரும்பு கொண்டுபோவோர் தோகையும் கழியும் பக்கங்களில் நீட்டாதபடி வெட்டி ஒழுங்குசெய்ய வேண்டும். நீண்ட கழி, எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரரின் முகத்துக்கு நேராக நிற்கிறது. தோகை தொங்கிப் பின்விளக்கை மறைப்பதும் உண்டு. ஆலைவாசலில் சாலையோரமாய் இரவு முழுவதும் காத்து நிற்கும் டிரெயிலர்களுக்கு இது மிகப் பெரிய அபாயம்.

இரவும் வேகமும்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. அபாயத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்கே ஒன்று முதல் ஒன்றரை நொடி செல்லும். அதற்குள் வண்டி 17 முதல் 25 மீட்டர் ஓடிவிடுகிறது. அதன் பிறகே பிரேக்கு வேலை செய்யத் தொடங்குகிறது. வேகம் இரு மடங்கானால், பிரேக்கு பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். தாழ்ந்த விளக்கொளியில் டிரைவருக்குத் தெளிவாய்த் தெரிவது ஐம்பது மீட்டர் அளவே என்றால், விளக்கில்லாத டிரெயிலரைக் கண்டபின் நிறுத்துவதற்கு அவருக்கு இடமே இராது.

எனவே ஒவ்வொரு பாரவண்டியிலும் டிரெயிலரிலும் முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு நிறத்தில் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சேறும் தூசியும் படிந்தால் பட்டை பயன்படாது; ஈரத்துணியால் துடைப்பது அன்றாட வேலையாக வேண்டும். பழுதாகி நிற்கும் வண்டியைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, முக்கோண அடையாளத்தைப் பின்னால் போதிய தூரத்தில் வைக்க வேண்டும். கல்லை வைத்து அடையாளம் காட்டி, புறப்படும்பொழுது அதை எடுக்காமல் போவது பெரும் பாவம்.

டிப்பர் லாரிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்படாமலும், மற்றச் சரக்கு லாரிகளில் 80 கிலோமீட்டருக்கு மேற்படாமலும் அமைக்க வேண்டுமென்பது மத்திய விதி. இவை கருவியின் எல்லைகளே. ஊருக்குள் செல்லத்தக்க வேகங்கள் ஆகமாட்டா. கிராமத்துக்குள்ளும், பள்ளிக்கூடத்துக்கு அருகிலும், கிளைச்சாலை கூடும் இடத்திலும் அதனினும் மிகக் குறைத்தே ஓட்ட வேண்டும்.

உறக்கம்

செட்டிகுளத்திலோ ஆலத்தூரிலோ ஏற்றிய வெங்காயம் விடியுமுன் சென்னை கோயம்பேடு சந்தையை அடைய வேண்டுமென்று விவசாயி விரும்புவது நியாயமே. பெரம்பலூரிலிருந்து சென்னை சுமார் 270 கிலோமீட்டர். ஆனால் பகல் முழுவதும் களத்தில் எடைக்கும் ஏற்றத்துக்கும் காத்திருந்த டிரைவர் இரவு பத்து மணிக்குப் புறப்பட்டால், அவர் அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே, உடம்பு இயல்பாகவே உறக்கத்தை நாடும் வேளையில், களைத்த கண்ணோடு ஓட்டுகிறார். தேநீரும் வெற்றிலையும் உறக்கத்தைச் சற்றுத் தள்ளிவைக்குமேயன்றி நீக்கமாட்டா. உறக்கத்துக்கு மருந்து உறக்கமே.

நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று மோட்டார் தொழிலாளருக்கு 1961 ஆம் ஆண்டிலேயே சட்டம் அளவு வகுத்தது. இந்த அளவை மனத்திற்கொண்டு, சரக்கைப் பிற்பகலுக்குள் எடைபோட்டு ஏற்றி முடித்து, டிரைவர் நான்கைந்து மணி நேரம் படுத்துறங்க நிழலும் தண்ணீரும் அளிப்பது விவசாயியின் கடமை. அது அவருடைய சரக்குக்கும் காப்பு. மதுவைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருப்பின் குற்றம். ஏற்றம் முடிந்த மகிழ்ச்சியில் டிரைவருக்கு மது வாங்கிக் கொடுப்போர் அவருக்கு நன்மை செய்பவரல்லர்.

ஆட்களை ஏற்றுதல்

நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலியாட்களைச் சரக்கு ஆட்டோவிலோ டிரெயிலரிலோ நிறுத்தி அழைத்துச்செல்லும் வழக்கம் நம் ஜில்லாக்களில் பரவியிருக்கிறது. வண்டி கவிழ்ந்தால் ஒரே குடும்பத்தில் இருவர் மூவர் இறந்துபடுகின்றனர். சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் வண்டியின் இன்ஷூரன்ஸ் பொருந்துமாறு 1994 இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் சரக்கு வண்டியில் பயணிகளாகச் செல்வோருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அத்தகைய சமயத்தில் நஷ்டஈட்டுச் சுமை வண்டியின் சொந்தக்காரர் தலையில் விழக்கூடும். அவர் நிலத்தை விற்றும் தீர்க்க இயலாது போகலாம். விவசாய உபயோகத்துக்கென்று பதிவான டிராக்டரை வாடகைப் பாரத்துக்கு விடுவதிலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஆட்களுக்குப் பஸ்ஸோ, பயணிகளுக்குரிய வேனோ ஏற்பாடு செய்வதே முறை.

சாலை களமாகாது

மக்காச்சோளத்தையும் மற்றத் தானியங்களையும் தார்ச்சாலையில் உலர்த்துவோர் காலையில் பாதிச் சாலையை மறித்துக் கற்களையும் முள்ளையும் வரிசையாய் வைக்கின்றனர். மணிகளின்மேல் ஏறிய இருசக்கர வண்டி சறுக்கி விழுகிறது. விலகிச் செல்லும் லாரி எதிர்த்திசைக்குள் புகுகிறது. மாலையில் அகற்றாத கல் இரவில் உயிரைக் கொள்கிறது. பொதுவழியில் பிறருக்கு அபாயமோ தடையோ விளைவிப்போருக்குப் பாரதீய நியாய சன்ஹிதையின் 285 ஆம் பிரிவின்படி ரூ. 5,000 வரை அபராதம் உண்டு. கல்லும் மண்ணும் எண்ணெயும் கலந்த தானியத்துக்கு விலையும் குறையும். பொது உலர்களத்தையோ, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் களத்தையோ பயன்படுத்த வேண்டும். இடமில்லாதோர் சொந்த நிலத்தில் தார்ப்பாய் விரித்து உலர்த்தலாம்.

மழைக்காலத்தில் வேறோர் அபாயம் உண்டு. கரிசல் வயலிலிருந்து ஏறும் டிராக்டர், சக்கரங்களில் அப்பிய களிமண்ணைச் சாலையில் உதிர்த்துச் செல்கிறது. அதன்மேல் தூறல் விழுந்தால் சாலை எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும். வயல்வாசலில் சிறிது தூரம் கிராவல் பரப்பி, சக்கர மண்ணைத் தட்டிவிட்டுச் சாலையேறுதல் நலம்.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை

1. எல்லா டயர்களிலும் காற்றும் கட்டையும். இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே கல் சிக்கியிருக்கிறதா என்பது.

2. பிரேக்குக் காற்றின் அழுத்தம், குழாய்களில் கசிவு.

3. முன்விளக்கு, பின்விளக்கு, பிரேக்கு விளக்கு, திரும்பும் விளக்கு.

4. கண்ணாடிகளின் நிலை. லாரிக்கு மிக அருகில் முன்னும் இடப்புறமும் நிற்போர் டிரைவர் கண்ணுக்குப் படார். களத்தில் விளையாடும் குழந்தைகளை அகற்றிய பின்னரே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

5. பின்னோக்கிச் செலுத்துகையில், டிரைவரின் கண்ணாடியில் தெரியும்படி நின்று வழிகாட்ட ஓர் ஆள்.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சியைச் சேர்ந்தவர்களும் அறுவடைக்கு முன்னரே செய்யத்தக்க காரியங்கள் சில உண்டு. தாழ்ந்த மின்கம்பிகளைக் குறித்து மின்வாரியத்துக்கு எழுதுதல், கிளைச்சாலை முனைகளில் பார்வையை மறைக்கும் சீமைக்கருவேல் புதரை வெட்டுவித்தல், உலர்களத்தைப் பழுதுபார்த்து முறைவைத்து அளித்தல் ஆகியவை முக்கியமானவை.

விபத்து நேர்ந்தால் வேடிக்கை பார்ப்பதில் காலம் கழியலாகாது. 108 என்னும் எண்ணுக்கும், தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 க்கும் உடனே தெரிவிக்க வேண்டும். உதவி செய்பவரைப் போலீசாரும் கோர்ட்டும் அலைக்கழிப்பார்கள் என்ற பயம் இனி வேண்டா. நல்லெண்ணத்தோடு உதவியவருக்கு 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பளிக்கிறது. நமது ராஜ்ய சர்க்கார் 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தின்படி, காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் அனுமதி பெற்ற தனியார் ஆஸ்பத்திரிகளிலும் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. டிரைவரை அடித்துத் துரத்துவதால், காயமுற்றவரைக் காப்பாற்றவேண்டிய ஒருவரும் ஓடிப்போகிறார். காயமுற்றவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அறிவிப்பதும் டிரைவரின் சட்டக் கடமைகள் என்பதை ஊரார் நினைவிற்கொண்டு, அவற்றை அவர் நிறைவேற்ற இடமளிக்க வேண்டும்.

மோதிய வண்டி இன்னதென்று தெரியாமல் போயிருந்தால், இறந்தவர் குடும்பத்துக்கு ரூ. 2 லட்சமும், கொடுங்காயமுற்றவருக்கு ரூ. 50,000 மும் 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வழங்கப்படுகின்றன. இதை அறியாத ஏழைக் குடும்பங்கள் பல. அவர்களுக்காக விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, ரெவின்யூ அதிகாரியிடம் சேர்ப்பிப்பது கிராம அதிகாரி செய்யக்கூடிய பேருதவியாகும்.

ஒரு வருஷ உழைப்பின் பலன் களத்தில் குவிந்து, கடைசியாக லாரியில் ஏறுகிறது. அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் அவசரப்படாமல், எடையைப் பார்த்து, கட்டைச் சரிபார்த்து, விளக்கைத் துடைத்து, டிரைவர் உறங்கினாரா என்று ஒரு வார்த்தை கேட்டு அனுப்புவோமாயின், சரக்கு சந்தையை அடையும். வண்டியோட்டி தம் வீட்டை அடைவார். வழியில் வந்தவரும் தம் வழியே செல்வார்.